ஆணுறை கிழிந்த இரவும் நான் தொலைத்த 61 மணி நேரமும்

இதை எழுத நான்கு மாதம் ஆகிவிட்டது. வெட்கம் ஒரு காரணம். கடைசிப் பரிசோதனையின் முடிவு கைக்கு வராமல் கதையை முழுசாகச் சொல்ல முடியாது என்பது இன்னொன்று. அது போன வாரம் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, 11 மணி இருக்கும். நானும் அவனும் பழக ஆரம்பித்து ஐந்து மாதம். ஆணுறை இல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை, அந்த விஷயத்தில் இருவருமே கறார். அன்று எல்லாம் முடிந்து விலகியபோது "அய்யோ" என்றான். விளக்கைப் போட்டுப் பார்த்தால், அடிப்பக்கத்து வளையம் மட்டும் ரப்பர் பேண்டு மாதிரி இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பக்கமாகக் கொஞ்சம் ரப்பர் தொங்கியது. நுனியைக் காணோம். அது எங்கே போயிற்று என்று அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே கேட்கத் தோன்றவில்லை. பிற்பாடு எனக்கு ஒரு இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

நான் செய்த முதல் காரியம் குளியலறைக்கு ஓடியது. அரை மணி நேரம் கழுவினேன். சோப்புப் போட்டு, உள்ளே வரைக்கும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, எரிச்சல் எடுக்கும் வரை கழுவினேன். ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற ஆறுதல், அவ்வளவுதான். விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாய்க்குள் போகத் தொடங்கிவிடும், அங்கே 5 நாள் வரை உயிரோடு இருக்கவும் கூடும். தண்ணீர் அவற்றைத் துரத்திப் பிடிக்காது. உள்ளே சோப்புப் போட்டால் மென்மையான உள்தோல் எரிச்சலாகும், அங்கே இயல்பாக இருக்கும் நல்ல கிருமிகளும் போய்விடும், ஏதாவது தொற்று இருந்தால் அது ஒட்டிக்கொள்ள இன்னும் வசதி. வெளிப்பக்கத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். சிறுநீர் கழித்துவிட்டு வருவதும் நல்லதே, ஆனால் அது சிறுநீர்த் தொற்று வராமலிருக்க ஒரு முன்னெச்சரிக்கை. கர்ப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, இரண்டுக்கும் வழியே வேறு.

நான் வெளியே வந்தபோது அவன், "ஒரு தடவைதானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனான். அவனும் பயந்திருந்தான், அந்தப் பயத்தை அவன் தூங்கித் தீர்த்துக்கொண்டான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்குக் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. மறுநாள் காலை வேலை விஷயமாக வெளியூர் கிளம்பிவிட்டான். அதன் பிறகு எல்லாம் நான் தனியாகத்தான்.

சனிக்கிழமை முழுக்க நாள் கணக்குப் போட்டேன். மாதவிலக்கு தொடங்கி அது 12-ஆவது நாள். எனக்குச் சுழற்சி ஏறக்குறைய 28 நாள். அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாளைக்கு முன்பு கருமுட்டை வெளியாகும் என்பதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. சரி, கர்ப்பம் தடுக்கும் மாத்திரை வாங்கிவிடலாம் என்று சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போனேன். கடையில் நான்கைந்து பேர். என் முறை வந்ததும் வாய் தானாக "இருமல் மாத்திரை" என்றது. அடுத்த கடையில் தலைவலி மாத்திரை. இரண்டு பட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதேன். இருமலும் இல்லை, தலைவலியும் அப்போதுதான் ஆரம்பித்தது.

இப்படித் தள்ளிப் போட எனக்குத் தெம்பு கொடுத்தது, அந்த மாத்திரைக்குச் சொல்லப்படும் "72 மணி நேரம்" என்ற கெடு. மூன்று நாள் இருக்கிறதே என்று மனசு சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் வெள்ளிக்கிழமை இரவே கடை தேடி ஓடியிருப்பேன். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன்தான் பரவலாகக் கிடைக்கும் அவசரக் கருத்தடை மாத்திரை. 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப் போடுவதுதான் அதன் வேலை. முட்டையை வெளியேற்றச் சொல்லி மூளையிலிருந்து ஹார்மோன் சமிக்ஞை கிளம்பிவிட்டால் இந்த மாத்திரையால் அதை நிறுத்த முடியாது. ஆக, 12-ஆவது நாளில் இருந்த எனக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு மாதிரி. நான் அதை இருமல் மாத்திரையில் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். பெயரைத் தாளில் எழுதி நீட்டினேன். கடைக்காரர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனித்தார். இதற்காகவா ஒரு நாளைத் தொலைத்தேன்! கூச்சம் உள்ளவர்களுக்கு இந்தத் தாள் யோசனையைச் சொல்வேன், வாய் திறக்கவே வேண்டாம். மாத்திரையை விழுங்கியபோது மணி 10. கிழிந்ததிலிருந்து 35 மணி நேரம்.

மாத்திரை விஷயத்தில் நான் பிறகு தெரிந்துகொண்டவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விழுங்கி 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும், சில நாடுகளில் இதை 3 மணி நேரம் என்கிறார்கள். எனக்குக் குமட்டியது, ஆனால் வாந்தி வரவில்லை. வலிப்பு, காசநோய், எச்ஐவி ஆகியவற்றுக்கான சில மருந்துகள் இதன் பலத்தைக் குறைக்கும், அதனால் எதையாவது தொடர்ந்து சாப்பிட்டு வந்தால் கடையில் சொல்லியே ஆக வேண்டும். உடல் எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தாலும் பலன் குறையலாம் என்று சில வழிகாட்டிகள் சொல்கின்றன, அப்படிப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்பது நல்லது. யுலிப்ரிஸ்டல் என்று இன்னொரு மாத்திரை உண்டு, 30 மில்லிகிராம். 5 நாள் வரை வேலை செய்யும், முட்டை வெளியாகும் நாள் நெருங்கிவிட்டாலும் லெவோநார்ஜெஸ்ட்ரலைவிடக் கைகொடுக்கும். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அப்புறம், இது கருக்கலைப்பு மாத்திரை கிடையாது. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இது அதை ஒன்றும் செய்யாது. அந்த ஒரு உறவுக்குத்தான் காவலும். மறுநாள் பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால் அது புதுக் கணக்கு.

மாத்திரை போட்டதும் பாரம் இறங்கிவிட்டது. அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன். அந்த நிம்மதியைத்தான் இன்று நினைத்தால் பயமாக இருக்கிறது. முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அந்த மாத்திரை கர்ப்பத்துக்கு மட்டும். கிருமிக்கு அது ஒன்றுமே செய்யாது என்ற சாதாரண விஷயம் எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் என் தலைக்குள் ஓடியது ஒரே ஒரு கடிகாரம். பக்கத்திலேயே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்ததை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்னை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது காணாமல் போன அந்த நுனி. ஞாயிறு இரவு படுக்கை விரிப்பை மாற்றும்போது சட்டென்று உறைத்தது. விரிப்பை உதறினேன், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தேன், குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். இல்லை. அப்படியானால் உள்ளேதான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தேடினேன், தட்டுப்படவில்லை. வயிற்றுக்குள் ஏறிவிடுமோ, அறுவை சிகிச்சை வரை போகுமோ என்று இரவு முழுக்க முழித்திருந்தேன். அப்படி எங்கும் போகாது. யோனி ஒரு பக்கம் மூடிய பை மாதிரி. அதன் மேல்முனையில் இருக்கும் கருப்பை வாயின் துளை மிகச் சிறியது, ரப்பர் துண்டு அதற்குள் நுழையாது. கையைக் கழுவி, நகத்தை வெட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெதுவாக முயன்றால் பல சமயம் விரலுக்கே வந்துவிடும். இடுக்கி, கம்பி என்று எதையும் உள்ளே விடக் கூடாது. வரவில்லை என்றால் மருத்துவர்தான். நாள் கணக்கில் விட்டால் நாற்றமும் சீழும் வைக்கும்.

திங்கள் காலை விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். நடுத்தர வயதுப் பெண் மருத்துவர். விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, தினமும் கேட்கிற கதை போல. இரண்டே நிமிடம். "இதோ பாருங்க" என்று எஃகுத் தட்டை என் பக்கம் திருப்பினார். கட்டைவிரல் நகத்தளவில், வெடித்த பலூன் துண்டு மாதிரி சுருண்டு கிடந்தது. இதற்காகவா ராத்திரி முழுக்க விழித்திருந்தேன் என்று சிரிப்பே வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "உங்க பார்ட்னர் கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தார்?" என்றார்.

"என்ன டெஸ்ட், டாக்டர்?"

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு ஆச்சுன்னு சரியா சொல்லுங்க." விரல் விட்டு எண்ணினோம். 60 மணி நேரம்.

எச்ஐவி கிருமி பட்டிருக்கக் கூடும் என்ற நிலையில், அது உடம்பில் நிலைகொள்ளாமல் தடுக்க மருந்து இருக்கிறது. பெப் என்பார்கள். மூன்று மருந்துகளின் கூட்டு, 28 நாள் தினமும். 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், தாண்டினால் பொதுவாகக் கொடுப்பதில்லை. இங்கேயும் சீக்கிரம் தொடங்குவதுதான் பலன், முதல் நாளிலேயே என்றால் இன்னும் நல்லது. எல்லோருக்கும் கொடுத்துவிடவும் மாட்டார்கள். துணைக்கு எச்ஐவி இருக்க எவ்வளவு வாய்ப்பு, எந்த வகை உறவு, புண் இருந்ததா என்றெல்லாம் கேட்டு எடை போடுவார்கள். துணைக்கு எச்ஐவி இருந்தாலும், அவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் உறவின் மூலம் பரவாது. ஆகவே துணையின் நிலை தெரிந்தால் முடிவு சுலபம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஐந்து மாதம் பழகியிருக்கிறோம், அவன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண்கூட எனக்குத் தெரியும். இது தெரியாது.

அறைக்கு வெளியே வந்து அவனுக்குப் போன் செய்தேன். "என் மேல சந்தேகமா?" என்று கத்தினான். நானும் கத்தினேன். நடைபாதையில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் வந்த பதில், எனக்கு முன்பு இருவரோடு பழகியிருக்கிறான், பரிசோதனை எடுத்ததே இல்லை. உள்ளே போய்ச் சொன்னேன். இந்தப் பேச்சு ஓர் உறவின் முதல் மாதத்தில், உடையோடு உட்கார்ந்திருக்கும்போது நடக்க வேண்டிய பேச்சு. மருத்துவமனை நடைபாதையில், போனில், கடிகாரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு பேசினால் சண்டையாகத்தான் முடியும்.

முதல் பெப் மாத்திரை 61-ஆவது மணி நேரத்தில் உள்ளே போனது. அதற்கு முன் ரத்தம் எடுத்தார்கள். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சிஃபிலிஸ், சிறுநீரகம், கர்ப்பம். இந்த முதல் சோதனை அந்த இரவைப் பற்றி எதுவும் சொல்லாது, அதற்கு முன்பே ஏதாவது இருந்ததா என்றுதான் காட்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்ட நினைவு எனக்கு இல்லாததால் அதையும் அன்றே தொடங்கினார். உள்ளே துண்டு மாட்டாமல் இருந்திருந்தால், நான் அந்த வாரம் மருத்துவரைப் பார்த்தே இருக்க மாட்டேன். இரண்டாவது கடிகாரம் சத்தமில்லாமல் நின்றிருக்கும்.

கர்ப்பம் பற்றியும் பேசினார். 35 மணி நேரம் கழித்துப் போட்ட மாத்திரையை முழுசாக நம்ப முடியாது என்றால் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி போடலாம், 5 நாளுக்குள் பொருத்தினால் 99 சதவீதத்துக்கு மேல் தடுக்கும், அவசரக் கருத்தடையில் அதைவிட உறுதியானது கிடையாது, பல வருடம் அப்படியே விட்டும் வைக்கலாம் என்றார். நான் பயந்து வேண்டாம் என்றேன். அது தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த மூன்று வாரம் நான் பட்ட பாட்டை நினைத்தால் சரி என்று சொல்லியிருக்கலாம்.

பணம் பற்றிச் சொல்ல வேண்டும். பெப், பரிசோதனைகள், தடுப்பூசி எல்லாம் சேர்த்து அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அரசு சுகாதார மையங்களில் இவற்றில் சிலவோ பலவோ இலவசமாகக் கிடைக்கும் இடங்கள் உண்டு. எனக்கு விசாரிக்க நேரமில்லை, 11 மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. முதல் நாளே போயிருந்தால் நாலு இடம் கேட்டிருக்கலாம். இது போக, ஐந்தாம் நாளில் இருந்தே வீட்டில் கர்ப்பப் பரிசோதனை செய்ய ஆரம்பித்து ஆறு கிட் வீணாக்கினேன். கரு பதிந்த பிறகுதான் அந்த ஹார்மோனே சிறுநீரில் வரும். உறவு நடந்து 21 நாள் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம். அதற்கு முன் இல்லை என்று காட்டினால் அதற்கு அர்த்தமே இல்லை.

பெப் எனக்குக் குமட்டலையும் தூக்கமின்மையையும் கொடுத்தது. அவன் வியாழக்கிழமை ஊர் திரும்பியதும், ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் பரிசோதனை செய்துகொண்டான். எச்ஐவி இல்லை. எனக்கு முன் இருந்த உறவு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனதால் அந்த முடிவை நம்பலாம் என்று சொல்லி, மருத்துவரே பெப்பை நிறுத்தச் சொன்னார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஒரு நாள் விட்டாலும் அது ஓட்டைதான். முக்கால் புட்டி மாத்திரை இன்னும் அலமாரியில் கிடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சல்.

இரண்டு வாரம் கழித்து, உறவின் மூலம் பரவும் கிளமிடியா, கொனோரியா தொற்றுகளுக்குச் சோதனை. உறவு நடந்த உடனேயே பார்த்தால் தவறிப்போகும் என்பதால் இந்த இடைவெளி. பேருக்குப் போய் வந்தேன். முடிவு வந்தது, கிளமிடியா இருக்கிறது. நான் இரவெல்லாம் பயந்தது எச்ஐவிக்கு, வந்து உட்கார்ந்திருந்தது இது. எரிச்சல் இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை, வலி இல்லை. பெண்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தானாம், ஆண்களிலும் பலருக்குத் தெரியாதாம். கவனிக்காமல் விட்டால் சினைக்குழாய் வரை ஏறிப் பின்னால் குழந்தை உண்டாவதையே பாதிக்கலாம். அவனுக்கும் இருந்தது. வருடக்கணக்கில் சுமந்துகொண்டு இருந்தானோ என்னவோ. 21 நாள் ஆனதும் கர்ப்பம் இல்லை என்று மீண்டும் உறுதி செய்துகொண்டு, இருவருக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும்.

மாதவிலக்கு எட்டு நாள் தள்ளி வந்தது. மாத்திரையால் முன்பின் ஆகலாம் என்பது தெரிந்தும் அந்த எட்டு நாளும் நான் நானாக இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதால் ஏழாவது கிட்டையும் வாங்கினேன். அது மட்டும்தான் வீணாகாத கிட்.

ஏன் கிழிந்தது? மருத்துவர் கேட்டபோதுதான் யோசித்தேன். அன்று வறட்சியாக இருந்ததால் கைக்குக் கிடைத்த பாடி லோஷனைத் தடவினோம். எண்ணெய்ப் பசை உள்ள எதுவும், லோஷன், வாசலின், பேபி ஆயில் எல்லாமே, லேடெக்ஸ் ரப்பரைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். யோனித் தொற்றுக்குப் போடும் சில களிம்புகளும் அப்படித்தான். தண்ணீர் அல்லது சிலிக்கோன் அடிப்படையிலான வழவழப்பி மட்டும்தான் பயன்படுத்தலாம். போதாததற்கு அவன் அதை மாதக்கணக்கில் பர்ஸில் வைத்து, உட்கார்ந்து எழுந்து, சூடாக்கி வைத்திருந்தான். உறையைப் பல்லால் கிழித்தான். நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்தானா என்றால் நினைவில்லை என்கிறான். சரியாகப் போட்டால் வருடத்துக்கு 100 ஜோடிகளில் 2 பேருக்குத்தான் கர்ப்பமாகும், உலக வழக்கப்படி ஏனோதானோ என்று போடும்போது அது 13 ஆகிறது என்று மருத்துவர் சொன்னார். நாங்கள் அந்த 13-இல் சேர எல்லாத் தகுதியும் பெற்றிருந்தோம்.

ஆறாவது வாரம் எச்ஐவிக்கு மறுபடி பார்த்தாயிற்று, இல்லை. சிஃபிலிஸ் வெளிப்பட மூன்று மாதம் வரை ஆகலாம் என்பதால் அதற்கும், கிளமிடியா திரும்பியிருக்கிறதா என்று பார்க்கவும் கடைசியாக ஒரு முறை வரச் சொன்னார்கள். இந்தத் தடவை அவனும் வந்தான். ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். "கடைசியாகப் பரிசோதனை செய்துகொண்ட தேதி" என்ற கட்டத்தில், என்னிடம் கேட்காமல், போனைப் பார்க்காமல், தேதியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான்.